நம் கொல்லைப்புறத்து நாட்டுக்கோழி

மலாய்க் கம்பங்களிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் மேய்ந்து திரியும் கோழியை நாம் கம்பத்துக் கோழி என்றும் நாட்டுக்கோழி என்றும் அழைக்கிறோம். அதன் சிறப்பினையும் அதனைப் பேணும் முறையினையும் ஈண்டுக் காண்போம்.

வீட்டுக்கோழிகளின் முதன்மையான மூதாதை, ஆசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழியாகும். இன்றுவரை கிடைத்துள்ள வீட்டுக்கோழி எலும்புகளுள் மிகத் தொன்மையானவை தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்தவையே என 2022-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அவை ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழமை உடையவை. தானியத்தை நாடி வயலோரம் வந்த பறவை, நாளடைவில் மனிதனோடு தங்கிவிட்டது என்பது அவர்கள் கருத்து. அக்காட்டுக்கோழியை இன்றும் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் காணலாம்.

பண்ணைக் கோழிகள் ஒரே அச்சில் வார்த்தவை போன்றிருக்கும். நாட்டுக்கோழியின் குஞ்சுகளோ ஓர் அடையிலேயே கறுப்பு, சிவப்பு, புள்ளி எனப் பலவாகத் தோன்றும். கழுத்தில் இறகில்லாத கோழியும் உண்டு. அஃது ஊனமன்று, உடற்சூடு எளிதில் வெளியேறுவதால் அது வெயிலை நன்கு தாங்கும். கிளந்தானில் உருவான செராமாக் கோழி பெரும்பாலும் அரைக் கிலோ எடைகூட இராது. இவ்வேற்றுமையே இனத்திற்குக் காப்பு. எல்லாம் ஒன்றுபோல் இருப்பின், ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தக்கூடும்; பலவகை இருப்பின் சிலவேனும் பிழைக்கும்.

பண்ணை இறைச்சிக்கோழி ஆறு வாரத்திற்குள் 2 கிலோவை எட்டிவிடுகிறது. நாட்டுக்கோழி வளர மாதங்கள் பல ஆகும். ஆயினும் அது புழுவையும் கரையானையும் சிந்திய சோற்றையும் தானே தேடி உண்ணும். தானே அடைகாத்து 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பருந்தைக் கண்டால் குஞ்சுகளைச் சிறகினுள் அணைத்துக்கொள்ளும். சிறு வருவாய்க் குடும்பத்திற்கு இஃது ஓர் உண்டியல் போன்றது.

எனினும், நாட்டுக்கோழிக்கு நோயே வாராது என எண்ணுதல் தவறு. வெள்ளைக் கழிச்சல் கண்டால் சில நாள்களிலேயே கூடு வெறுமையாகிவிடும். வெப்பத்தில் எளிதில் கெடாததும் தீவனத்தில் கலந்து கொடுக்கக் கூடியதுமான தடுப்பு மருந்தினை, 1980-களில் செர்டாங்கில் இருந்த வேளாண்மைப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆஸ்திரேலிய அறிஞர்களோடு சேர்ந்து கம்பத்துக் கோழிகளுக்காக ஆராய்ந்தனர். 2004-ஆம் ஆண்டில் கிளந்தானில் பறவைக் காய்ச்சலும் கண்டது. ஆகவே கால்நடை அலுவலரை அணுகித் தடுப்பு மருந்து இடுதல் இன்றியமையாதது.

வளர்ப்போர் நினைவிற் கொள்ள வேண்டியவை:

1. கூட்டினைத் தரையினின்று உயர்த்தி, ஈரமின்றி அமைத்தல்.
2. புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்தல்.
3. நோயுற்று இறந்த கோழியை உண்ணாமலும் ஆற்றில் எறியாமலும் இருத்தல். பல கோழிகள் ஒருங்கே இறந்தால் கால்நடை அலுவலகத்திற்குத் தெரிவித்தல்.
4. பெருநாள் வந்ததும் நல்ல சேவலை விற்றுவிட்டு, மெலிந்ததை இனவிருத்திக்கு விடாதிருத்தல்.
5. நோயற்ற சேவலை அண்டை வீட்டாரோடு மாற்றிக்கொள்ளுதல். இரத்த உறவுக்குள்ளேயே பெருகும் கூட்டம் நலிவுறும்.

மாணவர்களே! உங்கள் வீட்டுக் கோழிகளின் நிறத்தையும், அவை இடும் முட்டைகளையும், பிழைத்த குஞ்சுகளையும் ஓர் ஏட்டில் குறித்து வாருங்கள். எந்தக் கோழி நல்ல தாய் என்பதை அவ்வேடே சொல்லும். ஒருமுறை அழிந்த இனத்தைக் கடையில் வாங்க இயலாது. ஆதலின், நம் கொல்லையில் உள்ள இச்செல்வத்தைப் பேணி வளர்ப்போமாக!