பட்டறைக்குக் காவல், பிள்ளைகளுக்குத் தோழன்: ஒரே நாய், யார் பொறுப்பு?

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு சகோதரர் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா. நாய் வந்து பேன்ட்டில் உரசிவிட்டது. ஏழு தடவை கழுவ வேண்டுமா, மூன்று தடவை போதுமா?"

யாருடைய நாய் என்று கேட்டேன். "நம்முடையதுதான் ஹஜ்ரத். கம்பெனி நாய்." பேச்சுக் கொடுத்ததில் முழு விவரமும் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஓர் இரவு பட்டறையில் காப்பர் கேபிள் திருடு போயிருக்கிறது. அதன்பின் தெரிந்தவர் ஒருவர் கொடுத்த ராஜபாளையம் கலப்புக் குட்டியை வளர்த்திருக்கிறார். பகலில் கேட் அருகே சங்கிலியில் இருக்கும், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி விடுமுறையிலும் அவருடைய பிள்ளைகள் வந்து விளையாடுவார்கள். நான்காம் வகுப்புப் படிக்கும் மகன்தான் பெயர் வைத்தான், அவன் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஓடிவரும். "குழந்தை மாதிரி ஹஜ்ரத், ஒன்றும் செய்யாது" என்றவர், அடுத்த வாக்கியத்திலேயே, "திங்கட்கிழமை சாயங்காலம் கூரியர் பையனைக் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. ஐநூறு ரூபாய் கொடுத்து அனுப்பிவிட்டேன்" என்றார்.

பேன்ட் மஸ்அலாவை அங்கேயே நிறுத்திவிட்டு, "அந்தத் தம்பி இரண்டாவது ஊசி போட்டாரா?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பள்ளிவாசல் முற்றத்திலிருந்தே போன் போட வைத்தேன். முதல் ஊசி அன்றிரவே போட்டிருக்கிறார். நேற்று போட வேண்டிய இரண்டாவதைப் போடவில்லை. ஊசிக்குப் போனால் அரை நாள் டெலிவரி போய்விடுமாம்.

கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டியது கடமை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாயும் துணியும் இரண்டும் உலர்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஈரம் பட்டிருந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் உடம்பு உரசியதால் மட்டும் நஜீஸ் ஆகாது. எச்சில் பட்டிருந்தால் மூன்று தடவை கழுவினால் போதும். இது ஐந்து நிமிடத்தில் தீரும் விஷயம். ஊசி அப்படியல்ல.

ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் அறிகுறி தெரிந்த பிறகு ஏறத்தாழ யாரையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் உரிய நேரத்தில் ஊசி போட்டால் தடுத்துவிடலாம். கடித்த உடனே காயத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி இலவசம்: கடிபட்டு ஊசி தொடங்கிய நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். ஒரு நாள் தவறினால் கைவிடாமல் உடனே போய் மருத்துவரிடம் சொல்லித் தொடர வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். "நம்ம நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா?" என்றேன். குட்டியில் ஒரு தடவை போட்டதாம். மூன்று மாதக் குட்டியில் தொடங்கி வருடந்தோறும் போட வேண்டியது அது. வீட்டுப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து விளையாடும் நாய், இரண்டு வருடமாகத் தடுப்பூசி இல்லாமல் இரவில் தெருநாய்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

காவல் நாய் வைப்பது கூடுமா என்ற கேள்விக்கு நம் மக்களுக்குப் பதில் தெரியும். கால்நடை, விவசாயம், வேட்டை ஆகியவற்றுக்காக அல்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மையில் நாள்தோறும் குறைவு ஏற்படும் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிமில் அறிவிப்புகள் இருக்கின்றன. அந்தத் தேவைகளோடு ஒப்பிட்டு, வீட்டையும் பொருளையும் காக்க வைப்பதும் கூடும் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் விளக்கியுள்ளனர். எனவே பட்டறைக்குக் காவல் நாய் வைத்தது தவறில்லை. ஆனால் இந்த அனுமதி கிடைத்ததோடு நாம் கிதாபை மூடிவிடுகிறோம். அந்த நாய் மற்றவர் மேல் ஏற்றும் ஆபத்து யார் கணக்கு என்பது அடுத்த பாடத்தில்தான் இருக்கிறது.

பிராணி ஏற்படுத்தும் காயத்துக்கு இழப்பீடு இல்லை என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. அதை மட்டும் எடுத்துக்கொண்டு தப்பிக்கப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உரிமையாளரின் கவனக்குறைவு இல்லாத இடத்துக்கே அது பொருந்தும் என்று சட்ட அறிஞர்கள் விளக்கினார்கள். அபூதாவூதில் பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவருடைய தோட்டத்தில் புகுந்து சேதப்படுத்திய சம்பவம் வருகிறது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் பிராணியைக் காப்பது பிராணிக்காரர் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இரவில் ஆடுகள் மேய்ந்த வயல் பற்றி தாவூத், சுலைமான் (அலை) தீர்ப்புச் சொன்னதைக் குர்ஆனும் (21:78) பேசுகிறது. ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 620) தம்முடைய 'அல்முக்னீ'யில் நேராக நாய்க்கே வருகிறார். கடிக்கும் நாயை அவிழ்த்துவிட்டு அது ஒருவரைக் கடித்தால் உரிமையாளர் ஈடு கொடுக்க வேண்டும். அனுமதியின்றி வீட்டுக்குள் நுழைந்தவர் என்றால் பொறுப்பில்லை. அனுமதியோடு வந்தவர் என்றால் பொறுப்பு உண்டு.

கூரியர் பையன் யார்? பார்சலை ஆர்டர் செய்து வரவழைத்ததே நாம். அதைவிட என்ன அனுமதி வேண்டும்? காக்களூரில் ஷிஃப்டு மாறும் நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு வருபவர்கள் எல்லோரும் இப்படித்தான்: டீ கொண்டுவரும் பெரியவர், தண்ணீர் கேன் போடுபவர், ஸ்கிராப் எடுக்க வரும் லாரி ஆள், ஷெட்டிலேயே தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிகள். நாய்க்குப் பழகிய முகம் ஐந்தாறுதான். அன்றாடம் வந்துபோகும் முகங்கள் அதைவிடப் பல மடங்கு.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. தன் வசமுள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளாதவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அந்தச் சிறுமி பூங்கா காவலாளியின் மகள். நாயின் உரிமையாளர் கைதானார். அவருக்கும் அவை 'ஒன்றும் செய்யாத' நாய்களாகத்தான் இருந்திருக்கும். ஒன்றும் செய்யாது என்பது வீட்டாரைப் பொறுத்தவரை உண்மைதான். அதை வைத்து வழியில் போகிறவருக்கு உத்தரவாதம் தர முடியாது.

சகோதரர் கேட்டார்: "அப்படியென்றால் பிள்ளைகளோடு பழக விட்டது தப்பா ஹஜ்ரத்? பழகாமல் முரட்டுத்தனமாக வளர்த்திருக்க வேண்டுமா?" நல்ல கேள்வி. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இருட்டறையில் கட்டி, பட்டினி போட்டு, அடித்து 'கோபக்கார' நாய் ஆக்குகிறார்கள். அது பாவம், பயனும் இல்லை. கட்டியே கிடக்கும் நாய் பயத்தில் யாரையும் கடிக்கும். சிறிய பட்டறைக்கு நாயிடம் வேண்டியது குரைப்பு மட்டுமே. குரைத்தால் வாட்ச்மேன் எழுவார், திருடன் ஓடுவான். கடிப்பது அதன் வேலையே அல்ல.

இந்த இடத்தில் எனக்கு அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் நினைவுக்கு வருவார்கள். தய்யு கோத்திரத் தலைவர், கொடைக்குப் பேர்போன ஹாத்திமின் மகன். அவர் வேட்டை நாய்கள் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதும், கிடைத்த பதிலும் புகாரியில் விரிவாக வருகிறது. பயிற்சி பெற்ற நாயை அல்லாஹ்வின் பெயர் சொல்லி அனுப்பினால் அது பிடித்ததை உண்ணலாம். அது தானே தின்றிருந்தால் உண்ணக்கூடாது, ஏனெனில் தனக்காகப் பிடித்திருக்கிறது. வேறு நாய் சேர்ந்திருந்தாலும் கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 வந்தபின் இங்கே முயல் வேட்டைக்குக்கூட நாயை விட முடியாது என்பதால், மதரஸாவில் இந்தப் பாடத்தை வேகமாகக் கடந்துபோவோம். ஆனால் இதிலிருந்து இமாம்கள் எடுத்த நிபந்தனைகளைப் பாருங்கள்: அனுப்பினால் போக வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், எஜமானுக்காகப் பிடித்து வைக்க வேண்டும். குர்ஆன் 5:4 வசனமும் அல்லாஹ் உங்களுக்குக் கற்றுத் தந்ததிலிருந்து நீங்கள் அவற்றுக்குக் கற்றுக் கொடுத்தவை என்றே வேட்டைப் பிராணிகளைப் பற்றிப் பேசுகிறது. கற்றுக் கொடுக்காத நாய், வேலை நாய் ஆகாது.

"தடுத்தால் நிற்குமா?" என்று கேட்டேன். "மகன் சொன்னால் உடனே நிற்கும்." "வாட்ச்மேன் சொன்னால்?" யோசித்தார். "அவர் பேச்சைக் கேட்காது."

சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு நாய் வேலை பார்க்கும்போது, அதை ஒரு சொல்லில் நிறுத்தக்கூடிய ஒரே ஆள் ஒன்பது வயதுப் பையன், அவனும் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறான். செல்லமாக வளர்த்தது தவறில்லை. செல்லம் கொடுப்பது ஒருவர், வேலை வாங்குவது இன்னொருவர் என்று பிரிந்துபோனதே தவறு. காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் ஒவ்வொரு நாய்க்கும் அதற்கென்று கையாளுபவர் இருப்பார். சோறு, குளியல், பயிற்சி, கட்டளை எல்லாம் அவர் கையில். வேலைக்கு என்று தனிப் பட்டை கட்டும்போது நாய்க்கே தெரியும், விளையாட்டு முடிந்தது என்று.

பட்டறையிலும் இதைச் செய்யலாம். இரவுச் சோறு வாட்ச்மேன் கையால் போகட்டும். நில், வா, போதும் என்ற மூன்று சொற்களை அவர் குரலில் பழக்கட்டும். கழுத்துப் பட்டை வேலைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று. பிள்ளைகள் வேலை நேரத்தில் அருகில் போகக்கூடாது. அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் சங்கிலியில் இருக்கும்போதும் தொடக்கூடாது. பெரியவர் இல்லாமல் விளையாடவே கூடாது. பெரும்பாலும் குழந்தைகளைக் கடிப்பது தெரியாத நாய் அல்ல, தெரிந்த நாய்தான். கேட்டுக்கு வெளியே ஒரு காலிங்பெல்லும், 'நாய் உள்ளது, பெல் அடிக்கவும்' என்று தமிழிலும் இந்தியிலும் ஒரு பலகையும் ஐநூறு ரூபாய்க்குள் முடியும். பையன் கையில் திணித்த அதே ஐநூறு.

மனிதருக்கு வரும் ஆபத்தை மட்டும் பேசினால் பாதி நியாயம்தான். வாயில்லா ஜீவனை நம் தேவைக்காக ஒரு தொழிற்சாலைக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். ஜெனரேட்டர் கூலன்ட் தரையில் சிந்தியிருந்தால் அதன் இனிப்புக்கு நாய் நக்கும், சிறுநீரகம் போய்விடும். எலி மருந்தைத் தின்றாலும், மருந்து தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்து. மழைக்காலத்தில் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கு வந்து, அதன் சிறுநீர் வழியே மனிதருக்கும் வரலாம். அதற்கும் தடுப்பூசி இருக்கிறது. லேத்திலிருந்து விழும் இரும்புச் சுருள் பாதத்தைக் கிழிக்கும். மே மாதத்தில் ஷீட் கூரைக்குக் கீழே நிற்க நமக்கே முடிவதில்லை. நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நிழலும் தண்ணீரும் இல்லாத இடத்தில் கட்டுவது வதை.

சங்கிலி பற்றி 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமே பேசுகிறது. நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், எப்போதும் கட்டிவைக்கும் நாயை உரிமையாளர் உலாவ விடாமல் இருப்பதும் குற்றம். 2024 மே கடைசியில் காக்களூரிலேயே ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் தீப்பிடித்து உயிர்கள் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு நேரத்தில் சங்கிலியில் இருக்கும் நாயை யார் அவிழ்ப்பது? சுற்றுச்சுவர் ஒழுங்காக இருந்தால், பகலில் கம்பித் தடுப்புக்குள் விட்டு, வெளியாட்கள் வந்துபோவது நின்ற பிறகு திறந்துவிடுவதே நல்லது.

அன்று மாலையே அந்தச் சகோதரர் கூரியர் தம்பியைத் தன் பைக்கில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மூன்றாவது ஊசிக்கும் போனார். ஊசி நாட்களின் சம்பள இழப்பையும் கொடுத்தார். ஐநூறைக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். நாய்க்கும் ஊசி போட்டாகிவிட்டது. பெல் மாட்டியிருக்கிறார், பலகை இன்னும் வரவில்லை. வாட்ச்மேன் 'நில்' என்றால் இப்போது இரண்டு தடவையில் ஒரு தடவை நிற்கிறதாம்.

பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காமல் சாகவிட்ட பெண் பற்றிய ஹதீஸைச் சொல்லி, அவரிடம் ஒரு கேள்வி மட்டும் பாக்கி வைத்திருக்கிறேன்: பெருநாளுக்குப் பட்டறையை மூன்று நாள் மூடும்போது, வாட்ச்மேனும் ஊருக்குப் போய்விட்டால், நாய்க்குச் சோறும் தண்ணீரும் வைப்பது யார்? "மகனைக் கேட்டுச் சொல்கிறேன் ஹஜ்ரத்" என்றார்.