78 சீட்டுகள்: உங்களுக்கு ஏற்ற கட்டு எது?

"விளக்கேத்தற வீட்டுல எலும்புக்கூடு படம் போட்ட சீட்டை எதுக்குடி வெச்சிருக்கே?" நான் டாரட் சீட்டுகள் சேர்க்கிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து என் அக்கா போனில் கேட்ட கேள்வி இது. வாசக சகோதரிகளில் சிலருக்கும் இதே சந்தேகம் இருக்கலாம். சினிமாவில் இந்தச் சீட்டு வந்தாலே இடி இடிக்கும், மெழுகுவத்தி அணையும்! நிஜத்தில் அப்படிப் பயப்படுகிற வஸ்து ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். எதற்குப் போட்டுப் பார்க்கலாம், எதற்குக் கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

நான் லண்டனுக்குக் குடித்தனம் வந்து 19 வருஷமாகிறது. பிளஸ் டூவோடு படிப்பு நின்றுபோனவள். இங்கே கடைத்தெருவில் 'சாரிட்டி ஷாப்' என்று சில கடைகள் உண்டு. ஜனங்கள் இனாமாகக் கொடுக்கும் பழைய சாமான்களை விற்று, அந்தப் பணத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிடுவார்கள். பீங்கான் தட்டு தேடிப் போன இடத்தில்தான் முதல் கட்டு என் கையில் கிடைத்தது. இன்று பீரோவில் 14 கட்டுகள் இருக்கின்றன. "புடவையை விட்டுட்டு இதைச் சேர்க்கறே, எனக்கு லாபம்தான்" என்பார் என் வீட்டுக்காரர்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நாம் ரம்மி ஆடும் கட்டில் 52 சீட்டு, டாரட்டில் 78. அதில் 56 சீட்டுகள் ஏறக்குறைய ரம்மிச் சீட்டு மாதிரியேதான். நாலு வகை, ஒவ்வொரு வகையிலும் ஒன்று முதல் பத்து வரை, அப்புறம் பணியாள், குதிரை வீரன், ராணி, ராஜா. ஹார்ட்டின், டைமண்டுக்குப் பதில் கோல், கோப்பை, வாள், காசு. மீதி 22 சீட்டுகள் தனிப் படங்கள். சூரியன், சந்திரன், காதலர்கள், கோபுரம், மரணம், உலகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்.

இவை பிறந்தது 15-ம் நூற்றாண்டில் இத்தாலி தேசத்தில். ஜோசியம் பார்க்க இல்லை, சீட்டாட! அந்த 22-ம் துருப்புச் சீட்டுகள். பிரான்ஸில் இன்றைக்கும் நாலு பேர் உட்கார்ந்து டாரட் ஆடுகிறார்கள். 1781-ல் பாரிஸில் கூர் த ஜெபலின் என்ற பாதிரியார் இது பண்டைய எகிப்தியரின் ஞானப் புத்தகம் என்று எழுதி வைத்துவிட்டார். ஆதாரம் ஒன்றும் கிடையாது. எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரே அப்போது உலகத்தில் யாரும் இல்லை. ஆனாலும் கதை பிடித்துக்கொண்டது. அதே 1780-களில் எத்தேயா என்பவர் சீட்டுப் போட்டுப் பலன் சொல்லும் முறையைப் புத்தகமாகவே கொண்டுவந்தார். நம் ஊரில் கிளி வந்து சீட்டு எடுக்கும். இதில் நாமே எடுக்க வேண்டியதுதான்!

அக்காவைப் பயமுறுத்திய எலும்புக்கூடு 13-ம் நம்பர் சீட்டு, மரணம். பழைய பிரெஞ்சு மார்செய் கட்டுகளில் இந்த ஒரு சீட்டுக்கு மட்டும் பெயரே போட மாட்டார்கள். இது வந்தால் வீட்டில் யாரோ போய்விடுவார்கள் என்று அர்த்தமில்லை. ஒன்று முடிந்து வேறொன்று ஆரம்பிக்கிறது என்றுதான் படிப்பார்கள். பெண் கல்யாணமாகிப் போவதும் அப்படித்தானே? இப்போது அதிகம் புழங்கும் கட்டில் அந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வரும். பின்னால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் தெரியும்.

அந்தக் கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அதற்கு 'ரைடர்-வெய்ட்' என்று பெயர். 1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் என்ற கம்பெனி வெளியிட்டது. யோசனை ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவருடையது. சரி, படம் போட்டது யார்? பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி! கம்பெனிக்காரர் பெயர் நின்றது, யோசனைக்காரர் பெயர் நின்றது, கை வலிக்க வரைந்தவர் பெயர் மட்டும் விட்டுப்போயிற்று. கல்யாணத்தில் சமைத்தவளை விட்டுவிட்டுப் பந்தல் போட்டவருக்கு மாலை போட்ட மாதிரி.

பமீலா 1878-ல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதில் கொஞ்ச காலம் ஜமைக்காவில் வளர்ந்து, நியூயார்க் புரூக்ளினில் ஓவியம் கற்றுக்கொண்டார். 18 வயதிலேயே தாயாரை இழந்தார். நாடகக் கம்பெனிக்காரர்களோடு பழகி, புத்தகங்களுக்குப் படம் போட்டுப் பிழைத்தவர். இந்தச் சீட்டு வேலையைப் பற்றி 1909-ல் சிநேகிதர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை, ஆனால் பணம் ரொம்பக் கொஞ்சம் என்று குறிப்பிட்டிருக்கிறார். 1951-ல் கார்ன்வால் பிரதேசத்தில் பியூட் என்ற கடலோர ஊரில் இறந்தார். கடனை அடைக்க அவருடைய சாமான்களை ஏலம் போட வேண்டியிருந்தது. அவர் வரைந்த சீட்டுகள் அதன் பிறகுதான் லட்சக்கணக்கில் விற்றன. 2009-ல் நூற்றாண்டு நினைவாக வந்த கட்டில் 'ஸ்மித்-வெய்ட்' என்று அவர் பெயரை முதலில் போட்டார்கள். உங்களிடம் இந்தக் கட்டு இருந்தால் சீட்டின் கீழ்ப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். கொடி சுற்றிக்கொண்ட மாதிரி மூன்று எழுத்துக்கள் பின்னிக் கிடக்கும். அது அவருடைய முத்திரை.

அவர் செய்த பெரிய காரியம் அந்த 56 சின்னச் சீட்டுகளில் இருக்கிறது. அதற்கு முன் அநேகமாக எல்லாக் கட்டிலும் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைப் படம் மட்டும்தான் இருக்கும். பமீலா அதில் மனிதர்களைக் கொண்டுவந்து வைத்தார். அவருடைய ஐந்து கோப்பைச் சீட்டில் கறுப்புப் போர்வை போர்த்திய ஒருவர் தலையைக் குனிந்து நிற்கிறார். எதிரே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவர் அதைப் பார்க்கவில்லை. இதற்குப் புத்தகம் வேண்டுமா, சொல்லுங்கள்? பத்துக் கோல் சீட்டில் ஒருவன் பத்துக் கோலையும் ஒரே கட்டாக அணைத்துக்கொண்டு முதுகு வளைய நடக்கிறான். எனக்கு அது விறகுச் சுமை தூக்கி வரும் பெண்பிள்ளையாகத்தான் தெரிகிறது. எட்டு வாள் சீட்டில் ஒரு பெண்ணின் கண்ணையும் கையையும் கட்டியிருக்கும். கால் கட்டப்படவில்லை என்பதை நான் மூன்றாவது வருஷத்தில்தான் கவனித்தேன்.

அதனால் கட்டு வாங்கும்போது நான் சொல்லும் ஒரே யோசனை: அந்த 22 பெரிய படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். சூரியனையும் சந்திரனையும் எல்லோரும் அழகாகத்தான் வரைவார்கள். சின்னச் சீட்டுகளில் நாலைந்தைப் பாருங்கள். பார்த்ததும் உங்களுக்கு ஒரு கதை சொல்லத் தோன்றுகிறதா? தோன்றினால் அது உங்களுக்கான கட்டு. இல்லாவிட்டால் எவ்வளவு அழகாயிருந்தாலும் அலமாரியில்தான் தூங்கும். என் பூனைப் படக் கட்டு அப்படித்தான் தூங்குகிறது.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு மார்செய் கட்டு கஷ்டம். அதில் ஐந்து கோப்பை என்பது பூவும் கொடியும் சூழ்ந்த ஐந்து கோப்பைகளே. எண்ணையும் வகையையும் வைத்து நாமே அர்த்தம் கட்ட வேண்டும். பழகினவர்களுக்கோ அதுதான் சௌகரியம், கண்ணை உறுத்தும் படம் இல்லை. இன்னொரு சின்ன விஷயம்: மார்செய் கட்டில் 8-ம் சீட்டு நீதி, 11-ம் சீட்டு பலம். ரைடர்-வெய்ட்டில் இரண்டும் இடம் மாறியிருக்கும். ஒரு கட்டின் புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு கட்டைப் படித்தால் குழப்பம்தான்.

'தோத்' கட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு எழுத்து வேலை அலெய்ஸ்டர் குரோலி. நல்ல பெயர் எடுத்த மனிதர் இல்லை. படம் போட்டவர் மறுபடியும் ஒரு பெண்மணிதான், லேடி பிரீடா ஹாரிஸ். 1938-ல் ஆரம்பித்து 1943 வரை உழைத்தார்; சில படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார். கணவர் காலமான பின் நம் தேசத்துக்கு வந்து, 1962-ல் ஸ்ரீநகரில் இறந்துபோனார். படங்கள் கட்டாக அச்சாகி வந்தது 1969-ல். இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை. வர்ணங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கட்டை நான் எடுப்பதில்லை. சின்னச் சீட்டு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வார்த்தை அச்சடித்திருக்கும். ஐந்து கோப்பைக்கு 'ஏமாற்றம்', ஒன்பது வாளுக்கு 'கொடூரம்', பத்து வாளுக்கு 'நாசம்'. ஏற்கெனவே கலங்கி வந்திருக்கும் ஒருத்தியின் கண்ணில் முதலில் அந்த வார்த்தைதான் விழும். அப்புறம் நான் என்ன சமாதானம் சொன்னாலும் ஏறாது.

நான் படிக்கும் முறை ரொம்ப எளிது. வந்தவரே சீட்டைக் கலைத்து மூன்று எடுக்க வேண்டும். எடுத்ததும் நான் வாயைத் திறக்க மாட்டேன். "இந்தப் படத்துல என்ன நடக்குது, நீங்க சொல்லுங்க" என்பேன். ஆறு வாள் சீட்டில் ஒரு படகு. அதில் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண், பக்கத்தில் குழந்தை, பின்னால் படகு தள்ளுகிறவர். ஒரு அம்மாள் அதைப் பார்த்து, "புருஷன் கூட்டிட்டுப் போற இடத்துக்குப் போறா" என்றார். மறுநாளே வந்த இன்னொருத்தி, "அப்பாடா, தப்பிச்சுட்டா" என்றாள். படம் ஒன்றே. அவரவர் மனசில் இருந்தது வெளியே வந்துவிட்டது. இதற்குமேல் சீட்டுக்கு நடக்கப்போவது தெரியும் என்று நான் நம்பவில்லை. காசும் வாங்குவதில்லை.

வியாதியைப் பற்றி மட்டும் சீட்டுப் போட மாட்டேன். கர்ப்பிணிக்கு ஆணா பெண்ணா என்றும் பார்க்க மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன் நாலு தெரு தள்ளி இருக்கும் நம்மூர்ப் பெண் ஒருத்தி வந்தாள். 34 வயது, இரண்டு குழந்தைகள். கட்டைக் கையில் எடுத்தவள் கலைக்காமலே உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டால், "அக்கா, மார்புல ஒரு கட்டி இருக்கு. கெட்டதா இல்லையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றாள். எத்தனை நாளாக என்றேன். நாலு மாசமாம்! அதற்குள் இரண்டு பேரிடம் சீட்டுப் பார்த்திருக்கிறாள். ஒருவர் கண்டம் என்றாராம், ஒருவர் திருஷ்டி என்றாராம். வீட்டில் மாமியாரிடம் சொல்ல வெட்கம், புருஷனிடம் சொல்ல பயம்.

கட்டை வாங்கிப் பெட்டியில் போட்டு மூடினேன். "இதுல 78 படம் இருக்கு. ஒண்ணுலகூட உன் உடம்புக்குள்ள இருக்கறது தெரியாதும்மா" என்றேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளை என் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் எடுக்கிறவரை நானும் வெளியே காத்திருந்தேன். நீர்க்கட்டிதான். ஊசியால் நீரை எடுத்துவிட்டு அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போது, "வேற மாதிரி இருந்திருந்தா அந்த நாலு மாசம்..." என்று அவளே ஆரம்பித்து, முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டி நூற்றுக்குத் தொண்ணூறு சாதாரணமாக இருக்கட்டுமே, அதைச் சொல்ல வேண்டியது டாக்டர். சீட்டு வைத்திருக்கிற எந்தச் சகோதரியும் இந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ளவே கூடாது.

இனி சேகரிப்பைப் பற்றி. பழைய கட்டு வாங்கினால் கடையிலேயே எண்ணிப் பாருங்கள், 78 இருக்க வேண்டும். வகைக்கு 14 என்று பிரித்து எண்ணினால் சீக்கிரம் முடியும். கை சின்னதாக இருந்தால் அளவையும் பாருங்கள்; தோத் கட்டின் பெரிய பதிப்பைக் கலைத்தால் எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது. 1981-ல் அமெரிக்காவில் இரண்டு பெண்கள் சேர்ந்து கொண்டுவந்த 'மதர்பீஸ்' கட்டு அப்பளம் மாதிரி வட்டமாக இருக்கும். பார்க்க ஆசை, கலைக்கத் தொல்லை!

என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது 'விஸ்கான்டி-ஸ்போர்ஸா' நகல் கட்டு. மூலக் கட்டு 1450-ஐ ஒட்டி மிலான் பிரபு குடும்பத்துக்காகத் தங்க ரேக்கு ஒட்டிக் கையால் எழுதியது. இன்று 74 சீட்டுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. 35 நியூயார்க் மார்கன் நூலகத்திலும், 26 இத்தாலியில் பெர்காமோ நகரத்துக் கலைக்கூடத்திலும், 13 கொல்லெயோனி குடும்பத்தாரிடமும் இருக்கின்றன. பாகப் பிரிவினை ஆன மாதிரி! சாத்தான், கோபுரம், மூன்று வாள், காசுக் குதிரை வீரன் ஆகிய நாலும் காணவில்லை. நகல் போடுகிறவர்கள் அந்த நாலையும் புதிதாக வரைந்து சேர்க்கிறார்கள். வாங்கும்போது இந்த நாலை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், வரைந்தவரின் கைத்திறன் தெரிந்துவிடும்.

நம் ஊரிலும் இப்போது இணையக் கடைகளில் எல்லாக் கட்டும் வருகிறது. பாதி விலைக்குக் கிடைத்தால் போலிதானா என்று பாருங்கள். மெல்லிய தாள், மங்கல் வர்ணம், உள்ளே புத்தகம் இருக்காது. கைபேசியில் ஸ்கேன் பண்ணிக்கொள்ளச் சொல்லி ஒரு கறுப்புக் கட்டம் மட்டும் இருக்கும். இந்தக் காலத்துக் கட்டுகளைப் பெரும்பாலும் தனியாக வீட்டில் உட்கார்ந்து வரைகிறவர்கள்தான் கொண்டுவருகிறார்கள். அதில் பெண்கள் நிறைய. போலி வாங்கினால் அவர்களுக்கு ஒரு பைசா போய்ச் சேராது. வரைந்தவரின் பெயர் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து, அவர் விற்கும் இடத்திலோ பதிப்பகத்திலோ வாங்குங்கள். வாங்கிய கட்டை ஈரம் படாமல் பழைய பட்டு ரவிக்கைத் துணியில் சுற்றி வைத்தால் ஓரம் மடங்காமல் வருஷக்கணக்கில் வரும். ரப்பர் பேண்டு மட்டும் போடாதீர்கள், சீட்டில் தழும்பு விழும்.