இரவல் செல்லில் பிழைக்கும் டெங்கு

மழை தொடங்கி இரண்டு வாரம் ஆனால் போதும், கிளினிக்குகளில் இந்தப் பேச்சு தவறாமல் காதில் விழும்: "நாலு நாளா காய்ச்சல் விடல டாக்டர். நல்ல பவரான ஆன்டிபயாடிக்கா எழுதுங்க, ஊசியும் ஒண்ணு போட்டுடுங்க." டெங்குவாக இருந்தால் அந்த ஆன்டிபயாடிக்கால் ஒரு பயனும் இல்லை. ஏன் இல்லை என்பது புரிந்துவிட்டால், வீட்டில் ஒருவருக்கு டெங்கு வரும்போது எதற்கு ஓட வேண்டும், எதற்கு அலைய வேண்டாம் என்பதும் தெளிவாகிவிடும். அதற்கு இந்த வைரஸ் எப்படிப் பிழைக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

பத்தே பத்துப் புரதங்கள்

ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. பாக்டீரியா என்பது ஒரு முழு செல். தானே உணவு எடுக்கும், தானே புரதம் தயாரிக்கும், தானே இரண்டாகப் பிரியும். அதற்கென்று தனிச் சுவரும், புரதம் தயாரிக்கும் தனி ரைபோசோமும் உண்டு. பெனிசிலின் அந்தச் சுவரைக் குலைக்கிறது. அசித்ரோமைசின் அந்த ரைபோசோமை முடக்குகிறது. நம் செல்லுக்குச் சுவர் கிடையாது, நம் ரைபோசோமின் அமைப்பும் வேறு. அதனால்தான் நமக்குப் பெரிய சேதமில்லாமல் கிருமி மட்டும் சாகிறது.

டெங்கு வைரஸிடம் இதில் எதுவுமே இல்லை. சுமார் 50 நானோமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை அது. உள்ளே ஏறத்தாழ 10,700 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. அந்த இழையில் இருப்பது 10 புரதங்களுக்கான குறிப்பு மட்டும்தான். மனித செல்லிடம் இருப்பதோ சுமார் 20,000 மரபணுக்கள். ஒரு பிடி விதைநெல்லோடு வந்து, அடுத்தவன் நிலத்தில், அடுத்தவன் ஏரையும் கிணற்றையும் ஆட்களையும் வைத்தே விளைச்சல் எடுப்பவனைப் போன்றது இதன் பிழைப்பு. ஏரை உடைத்து அவனை விரட்டலாம் என்றால் நட்டம் நிலத்துக்காரனுக்குத்தான்.

செல்லுக்குள் நடப்பது

கொசுவின் எச்சிலோடு தோலுக்குள் இறங்கும் வைரஸ், அங்கே காவலுக்கு நிற்கும் நோய் எதிர்ப்பு செல்களையே முதலில் பிடிக்கிறது. மேற்பரப்பில் வந்து ஒட்டியதை, செல் ஒரு சிறு பையில் வைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து சத்துப்பொருள்களை உள்வாங்கும் அதே வழி. உள்ளே போகப் போக அந்தப் பையில் அமிலம் ஏறும். வந்ததைச் செரிப்பதற்காக செல் செய்யும் ஏற்பாடு அது. டெங்கு காத்திருப்பதே அந்த அமிலத்துக்குத்தான். அது பட்டதும் வைரஸின் மேலுறையில் இருக்கும் 180 புரதங்களும் வடிவம் மாறுகின்றன, வைரஸின் சவ்வும் பையின் சவ்வும் ஒன்றாகின்றன, ஆர்.என்.ஏ. செல்லுக்குள் இறங்கிவிடுகிறது.

வந்திருப்பது யாருடைய ஆர்.என்.ஏ. என்று ரைபோசோம் விசாரிப்பதில்லை. கொடுத்ததைப் படித்து, சுமார் 3,400 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே நீளச் சங்கிலியைத் தயாரித்துத் தருகிறது. அதை 10 புரதங்களாக வெட்டுவதில் வைரஸின் நொதிக்குப் பாதி வேலை, நம் செல்லின் நொதிக்குப் பாதி வேலை. பிறகு வைரஸ், செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வைக் குழித்து, சின்னச் சின்ன அறைகளாக்கி, அதற்குள் மறைந்துகொண்டு தன் இழையை நகலெடுக்கிறது. இதற்கான கொழுப்பும் நம்முடையதுதான்: கொழுப்பு தயாரிக்கும் செல்லின் நொதியை அந்த இடத்துக்கே வைரஸ் இழுத்து வந்துவிடுகிறது. வெளியேறும் வழியில் ஃபியூரின் என்ற நம் நொதி, வைரஸின் ஒரு புரதத்தில் ஒரு துண்டை வெட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த செல்லைத் தொற்றும் பக்குவம் அதற்கு வருகிறது.

2016-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும், கிரிஸ்பர் முறையில் மனித செல்லின் மரபணுக்களை முடக்கிப் பார்த்தார்கள். புரதங்களுக்குச் சர்க்கரை சேர்க்கும் ஓ.எஸ்.டி. என்ற தொகுதி பழுதான செல்களில் டெங்குவால் பெருக முடியவில்லை. செல்கள் உயிரோடுதான் இருந்தன. அப்படியானால் நம் செல்லின் ஏதாவது ஓர் உறுப்பைச் சில நாள் மட்டும் நிறுத்திவைக்க ஒரு மாத்திரை செய்யலாமே என்று தோன்றும். சிங்கப்பூரில் அந்த வகையில் ஒரு முயற்சி நடந்தது. சர்க்கரைத் துண்டுகளைச் சீராக்கும் நம் நொதி ஒன்றைத் தடுக்கும் செல்காசிவிர் என்ற மருந்து, எலிகளில் நன்றாக வேலை செய்திருந்தது. 50 நோயாளிகளிடம் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதகம் எதுவும் செய்யவில்லை. ஆனால் வைரஸின் அளவும் காய்ச்சலும் சொல்லிக்கொள்ளும்படி குறையவும் இல்லை. இந்தப் பாதையில் வெற்றி கிடைக்கும் என்றே நம்புகிறேன். இன்றைக்கு மருந்துக்கடையில் அது இல்லை.

இரண்டாம் முறை ஏன் மோசமாகிறது

டெங்குவில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து குணமானவரின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள், வேறொரு வகையை அடக்கும் வலு இல்லாமல் அதன்மேல் வெறுமனே ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பொருள் ஒட்டியதை விழுங்குவது மேக்ரோஃபேஜ் செல்களின் தொழில். அப்படி விழுங்கப்பட்டே வைரஸ் தனக்கு வேண்டிய செல்லுக்குள் முன்னைவிட எளிதாகப் போய்ச் சேர்கிறது. 1977-ல் முதல் வகை பரவிய கியூபாவில் 1981-ல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள். "போன தடவை வந்து தானா சரியாயிடுச்சு" என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கொசுவும் ஒரு வீடுதான்

நோயாளியின் ரத்தத்தைக் குடித்த ஏடிஸ் கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. குடல் சுவரின் செல்லில் பெருகி, உடலெங்கும் பரவி, எச்சில் சுரப்பியை எட்ட வைரஸுக்கு 8 முதல் 12 நாள் வேண்டும். கொசுவின் செல் ஒத்துவராவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஒத்துவந்தால் என்ன ஆகும் என்பதைச் சிக்குன்குனியா காட்டியது. 2005-06-ல் ரீயூனியன் தீவில், அதன் மேலுறைப் புரதத்தின் 226-வது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வாலின் வந்தது. அந்த ஒற்றை மாற்றத்தால் அங்கே மலிந்திருந்த ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் குடலில் அது செழித்தது. தீவு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் படுத்தார்கள். 2007-ல் கேரளத்தில் பரவிய வைரஸிலும் அதே மாற்றம் இருந்தது.

இதே சார்பை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கும் கொசுவின் செல்லில் டெங்கு சரியாகப் பெருகுவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மையமும் இத்தகைய கொசு இனங்களை உருவாக்கியிருக்கிறது.

படுக்கையில் இருப்பவருக்கு

வைரஸை நேராக அடிக்க மருந்து இல்லாதபோது, உடல் அதை வெல்லும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். எதுவானாலும் அடிக்கடி கொடுங்கள். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும். உடம்பு வலிக்கிறதே என்று ஆஸ்பிரின், புரூஃபன் வகை மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவைத் தூண்டிவிடும்.

பெரும்பாலோர் பிளேட்லெட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டு பப்பாளி இலைக்கு அலைகிறார்கள். உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது. அது நடப்பதும் காய்ச்சல் விடும் நேரத்தில், 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையில். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீடு நிம்மதியடையும்போது வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, குழந்தை சோர்ந்து துவள்வது, இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

காய்ச்சலின் முதல் ஐந்து நாளும் நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவையுங்கள், ஏடிஸ் பகலில் கடிப்பது. தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்ப்பதோடு நிறுத்தாமல் உட்சுவரை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் முட்டைகள் தண்ணீர் இல்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.