ஒரு கம்பம், தெருவுக்கே டிவி
டென்மார்க்கில் 1988 வரை நாடு முழுக்கத் தெரிந்த டிவி சேனல் ஒன்றே ஒன்றுதான். ஸ்வீடன், ஜெர்மனி நிகழ்ச்சிகளைப் பார்க்க உயரமான ஆன்டெனா வேண்டும். தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அக்கம்பக்கத்தார் சங்கம் அமைத்தார்கள், பொதுவில் ஒரு கம்பம் நட்டு வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்தார்கள்.



பிறகு அந்தக் கேபிள்களிலேயே இன்டர்நெட்டும் வந்தது. இதைப் பங்கிடுவது எளிது. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தைக் கேட்பதில்லை. அதனால் ஒரே இணைப்பு பல வீடுகளுக்குப் போதும். ஒவ்வொரு வீட்டையும் தனி நெட்வொர்க்காகப் பிரித்துவிட்டால் அந்தரங்கமும் பத்திரம்.

டிவிதான் தகராறு. கால்பந்தே பார்க்காதவர் விளையாட்டுச் சேனலுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? நியாயமான கேள்வி. விலகும் உரிமையைச் சட்டம் பின்னர் தந்தது. ஆனால் பராமரிப்புச் செலவு, மிஞ்சியவர்கள் தலையில்.