தாமே கூடும் சங்கிலிகள்

நுழையும்முன்

மாவுச்சத்து, புரதம், நெகிழி, செயற்கை இழை எனப் பலவாறு நம்மைச் சூழ்ந்திருப்பவை பலபடிகள். உலோகத்தின் துணையின்றி அவற்றை உருவாக்கவும், உருவானவை தாமாகவே ஒழுங்குற்றுக் கூடுமாறு வடிவமைக்கவும் அறிவியலாளர் கற்றுள்ளனர். மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்க்கும் முயற்சியில் இவ்வறிவு எவ்வாறு துணைநிற்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சோற்றை நெடுநேரம் மென்றால் நாவில் இனிப்புத் தோன்றும். உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்னும் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாகச் சிதைப்பதே இதற்குக் காரணம். மாவுச்சத்து என்பது குளுக்கோசு அலகுகள் கண்ணிகளாகக் கோக்கப்பட்ட நெடுஞ்சங்கிலி. இவ்வாறு சிறு மூலக்கூறுகள் பல இணைந்து உருவாகும் பெருமூலக்கூறு பலபடி எனப்படும். கண்ணியாக அமையும் சிறு மூலக்கூறு ஒருபடி எனப்படும். தான் செலவழியாமல் வினையின் வேகத்தை மிகுவிக்கும் பொருளே வினையூக்கி. நொதிகள், உயிரினங்களுக்குள் இயற்கை அமைத்த வினையூக்கிகள்.

உலோகம் வேண்டா வினையூக்கி

தொழில்துறையில் பலபடிகளை உருவாக்க உலோக வினையூக்கிகள் பெரிதும் பயன்படுகின்றன. சான்றாக, தயிருக்குப் புளிப்பூட்டும் லாக்டிக் அமிலத்தின் இரு அலகுகள் இணைந்த வளைய மூலக்கூறு லாக்டைடு. அவ்வளையத்தைத் திறந்து சங்கிலியாக்க வெள்ளீயச் சேர்மம் வழக்கமாகச் சேர்க்கப்படுகிறது. உருவான பலபடியில் உலோகத்தின் எச்சம் சிறிதளவு தங்கிவிடக்கூடும். உடலுக்குள் செல்லவேண்டிய பொருளில் இவ்வெச்சம் விரும்பத்தக்கதன்று.

இதற்கு மாற்றாக அமைந்தவை, கார்பனை அடிப்படையாகக் கொண்ட கரிம வினையூக்கிகள். புரோலின் என்னும் எளிய அமினோ அமிலம் திறமிக்க வினையூக்கியாகும் என்பதை 2000ஆம் ஆண்டில் பெஞ்சமின் லிஸ்ட் காட்டினார். அதே ஆண்டில் டேவிட் மேக்மில்லனும் இத்துறையில் தனிவழி கண்டார். இருவரும் 2021இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பலபடித் துறையிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஐ.பி.எம். அல்மாடன் ஆய்வகத்தின் ஜேம்ஸ் ஹெட்ரிக்கும் அவருடைய குழுவினரும், கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் ஆகியவை மட்டுமே அடங்கிய சிறு மூலக்கூறு ஒன்றைக் கொண்டு லாக்டைடு வளையத்தைத் திறந்து பலபடியாக்கியதை 2001இல் வெளியிட்டனர்.

இம்முறையின் மற்றொரு சிறப்பு அளவின் கட்டுப்பாடு. ஒரு தொடக்கி மூலக்கூறுக்கு 100 ஒருபடிகள் என்னும் விகிதத்தில் கலந்து வினையை முழுமையாக்கினால், ஒவ்வொரு சங்கிலியும் ஏறத்தாழ 100 கண்ணிகளுடன் வளரும். சங்கிலிகள் நீளத்தில் பெரிதும் வேறுபடுவதில்லை.

தற்கூடல்

இந்த ஒழுங்கே அடுத்த நிலைக்கு அடித்தளமாகிறது. சங்கிலியின் ஒரு பகுதியை நீரை விரும்புவதாகவும் மறுபகுதியை நீரை வெறுப்பதாகவும் அமைத்து நீரில் இட்டால் என்ன நிகழும்? நீரை வெறுக்கும் பகுதிகள் ஒன்றோடொன்று நெருங்கி உள்ளே ஒடுங்கும். நீரை விரும்பும் பகுதிகள் வெளிப்புறம் சூழ்ந்து நிற்கும். வெளியிலிருந்து எவரும் அடுக்காமலே நுண்கோளங்கள் உருவாகும். இதுவே தற்கூடல். சோப்பு மூலக்கூறுகள் எண்ணெய் அழுக்கைச் சூழ்ந்து அகற்றுவதும் இவ்வியல்பினால்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு நானோமீட்டர். இக்கோளங்கள் அந்த நானோமீட்டர்களால் அளக்கப்படுபவை.

உறையைச் சிதைக்கும் கோளம்

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பலவும் பாக்டீரியாவின் குறிப்பிட்டதொரு மூலக்கூறையே இலக்காகக் கொள்கின்றன. அவ்விலக்கு உருமாறிவிட்டால் மருந்து பயனற்றுப்போகும். மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ், மருத்துவமனைகளை அச்சுறுத்துவது இவ்வாறே.

ஹெட்ரிக் குழுவினரும் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் இணைந்து, கரிம வினையூக்கியால் உருவாக்கிய பாலிகார்பனேட் சங்கிலிகளை 2011இல் அறிமுகப்படுத்தினர். நீரில் அவை தாமே கூடி, நேர்மின்சுமை கொண்ட நுண்கோளங்களாகின்றன. பாக்டீரியாவின் வெளிப்பரப்போ எதிர்மின்சுமை மிக்கது. எனவே, கோளங்கள் அதை நாடிச்சென்று படலத்தைச் சிதைக்கின்றன. ஒரு மூலக்கூறை மாற்றிக்கொள்வதுபோல் முழுப் படலத்தையும் மாற்றிக்கொள்வது கிருமிக்கு எளிதன்று. ஆய்வகச் சோதனைகளில், மெத்திசிலினுக்கு அடங்காத அக்கிருமியையும் இவை அழித்தன. சிவப்பணுக்களுக்குக் குறிப்பிடத்தக்க சேதம் விளைவிக்கவில்லை. பின்னர்ச் சிதைந்துபோகும் இயல்பும் இவற்றுக்கு உண்டு.

ஆய்வகத்தில் வென்ற பொருள் நோயாளியின் கையில் மருந்தாகச் சேர்வதற்குக் கடக்கவேண்டிய சோதனைகள் பல. எனினும், கண்ணிகளின் அளவையும் இயல்பையும் முறையாக அமைத்துவிட்டால், எஞ்சிய பணியை மூலக்கூறுகள் தாமே முடித்துக்கொள்ளும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. பொருளின் பண்பை ஆராய்வதோடு நில்லாமல், வேண்டிய பண்புடைய பொருளை வடிவமைப்பதும் வேதியியலாளரின் பணியே.