வீரநாராயணன் ஏரிக் கரையிலே...

"பொன்னியின் செல்வன்" படித்த சகோதரிகளுக்கு வீராணம் ஏரியை நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வந்தானே, அதே ஏரிக் கரைதான்! 1950-ல் 'கல்கி'யில் அந்தத் தொடர்கதை ஆரம்பமான நாளிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அந்த ஏரியை மனக்கண்ணால் பார்த்திருக்கின்றன. நேரில் பார்த்தவர்கள்தான் சொற்பம். சென்னைவாசிகளோ ஒரு படி மேலே போய், ஏரியைப் பார்க்காமலே அதன் தண்ணீரைக் குடித்துக் கொண்டிருக்கிறார்கள்! அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில் காட்டுமன்னார்கோயில். ஏரியின் தென்கோடியில் இருக்கும் சிற்றூர். பெரிய ஓட்டல், படகு சவாரி என்றெல்லாம் எதிர்பார்த்துக் கொண்டு போகாதீர்கள். அதற்குப் பிச்சாவரம் இருக்கிறது. இங்கே இருப்பது தண்ணீரும் பழங்கதையும்தான்.

பராந்தக சோழருக்கு 'வீரநாராயணன்' என்று ஒரு பட்டப் பெயர். ஏரிக்கும், ஊருக்கும், ஊரில் எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்கும் அந்தப் பெயரே அமைந்தது. வீரநாராயணன் ஏரி என்று முழுதாகச் சொல்ல நம் ஜனங்களுக்கு ஏது அவகாசம்? 'வீராணம்' ஆக்கிவிட்டார்கள்! பராந்தகரின் மூத்த மகன் இராஜாதித்தன் வடக்கேயிருந்து வரக்கூடிய பகைவரை எதிர்பார்த்துப் படையுடன் திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்தான். வீரர்கள் சும்மா இருப்பானேன் என்று அவர்களைக் கொண்டு இந்த ஏரியை வெட்டுவித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த இளவரசன் 949-ல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே உயிர் துறந்தான்.

நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்ததும் இந்த ஊரில்தான். அவருடைய பேரர்தான் ஆளவந்தார்.

ஆனால் எனக்கு மெய் சிலிர்த்தது வேறொரு விஷயத்தில். ஊரை ஒட்டியுள்ள உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தொடர்கதை வந்த நாளில் வாரா வாரம் தவித்தார்களல்லவா, நம் பாட்டிமார்கள்? அதற்கு இந்தக் கல்லே சாட்சி சொல்கிறது! சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய நிலத்தைப் பறிமுதல் செய்யும்படி ஊர்ச் சபைக்கு இராஜராஜ சோழர் அனுப்பிய உத்தரவு அதில் இருக்கிறது. அவர் பட்டத்துக்கு வந்த 2-ஆம் ஆண்டில் நடந்தது இது. குற்றவாளிகளோடு போயிற்றா? இல்லை. அவர்களுக்குப் பெண் கொடுத்த மாமனார்கள், அவர்களுடைய சகோதரிகளை மணந்தவர்கள் சொத்தும் போயிற்று! அண்ணன் செய்த பாதகத்துக்குப் புருஷன் வீட்டில் வீடு வாசலை இழந்து நின்ற அந்தப் பெண்களைப் பற்றி எந்தக் கல்லும் பேசவில்லை. அந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அன்னதானத்துக்கு எழுதி வைத்தார். அந்தத் தர்மத்தைப் பதிந்து வைத்ததால்தான் கொலைகாரர்களின் பெயரும் நமக்குக் கிடைத்தது. கொன்றார்கள் என்று சொல்லும் கல், ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. சரித்திர ஆசிரியர்கள் அதைப் பற்றி இன்னும் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள்.

சரி, குழாய்த் தண்ணீருக்கு வருவோம். மேட்டூரில் திறந்து விடும் காவேரி நீர், கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கட்டிய கீழணைக்கு வந்து, வடவாற்றின் வழியாக வீராணத்தை அடைகிறது. அதை நம்பி ஏறத்தாழ 45 ஆயிரம் ஏக்கர் நிலம் இருக்கிறது. இந்த நீரைச் சென்னைக்குக் கொண்டுபோக 1960-களின் கடைசியில் முதல் முயற்சி நடந்தது. திட்டம் பாதியில் நின்றது. ஆள் நுழையக்கூடிய ராட்சதக் குழாய்கள் வருஷக் கணக்கில் சாலையோரம் கிடந்தன. வீடில்லாத ஏழைகள் அவற்றுக்குள் குடித்தனமே நடத்தினார்கள்! கடைசியில் 2004-ல்தான் புதிய திட்டம் நிறைவேறியது. சேத்தியாத்தோப்பில் எடுக்கும் நீர் வடக்குத்தில் சுத்தமாகி, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய்க்குள் பயணம் செய்து போரூர் வந்து சேருகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை அனுப்ப அமைந்த ஏற்பாடு அது. 2019 கோடையில் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகள் வறண்டபோது கை கொடுத்தவற்றுள் வீராணமும் ஒன்று.

மேட்டூர் திறக்காத வருஷத்தில் என்ன ஆகும்? ஏரி வெடித்துக் கிடக்கும். மண் மேடிட்டதால் ஏரி பழைய ஆழம் இல்லை, தூர் வாருங்கள் என்று கரையோர விவசாயிகள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் வயலுக்குக் கேட்கிறார்கள். அடுப்படியில் குடத்தை வைத்துக் கொண்டு நாமும் அதே தண்ணீரைத்தான் கேட்கிறோம்.

ஏரி நிரம்பிவிட்டது, 47.5 அடி என்று பத்திரிகையில் பார்த்தால் உடனே புறப்படுங்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் பஸ்ஸில் வலப்பக்கத்து ஜன்னலோரமாக இடம் பிடியுங்கள். கரை மேலேயே சாலை போகிறது. வலப்பக்கம் கண்ணுக்கெட்டிய வரையில் தண்ணீர், இடப்பக்கம் பள்ளத்தில் பச்சை வயல். லால்பேட்டையில் வெற்றிலை வாங்கிக் கொள்ளலாம். பொழுது இருந்தால் மேலக்கடம்பூருக்கும் போய் வாருங்கள். அங்கே கோயிலே சக்கரமும் குதிரையும் பூட்டிய கல்தேராக நிற்கிறது!