குணா குகைக்குள்ள நாம பார்த்தது என்ன?

கொடைக்கானல் குணா குகையோட பழைய பேரு ‘டெவில்ஸ் கிச்சன்’. 1991-ல வந்த ‘குணா’ படத்தோட காட்சிகளை அந்தக் குகைக்குள்ளயே எடுத்தாங்க. அப்புறம் படத்தோட பேரே இடத்துக்கும் ஒட்டிக்கிச்சு. 2024-ல ‘மஞ்சுமெல் பாய்ஸ்’ வந்ததும் திரும்பவும் கூட்டம். ஆனா, ஆழமான பள்ளங்கள் இருக்கிறதால உள்ளே அனுமதி இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான்.

அப்போ உள்ளே எப்படி இருக்கும்னு நம்ம மனசுல ஒரு காட்சி ஓடுதே, அது எங்கேருந்து வந்துச்சு? ‘மஞ்சுமெல் பாய்ஸ்’ல வர்ற அந்தக் குழி, கேரளாவில பெரும்பாவூர்ல போட்ட செட்! வேலியோரம் நின்னு நாம தேடுறது அந்த செட்டைத்தான்னு நான் நினைக்கிறேன். படம் வந்த சூட்டோட வேலியைத் தாண்டிப் போய்ப் பிடிபட்ட பசங்களும் உண்டு. அவங்க பார்த்துப் பழகினது செட்டு. இறங்கினது 2006-ல ஒருத்தர் நிஜமாவே விழுந்த இடத்துக்கு.